அது கண்ணாடி விரியன் இல்லை, வெங்கிணாந்திக் குட்டி

ஆசிரியர் அவர்கட்கு,

போன ஞாயிறு இதழில் 'வயலில் கண்ணாடி விரியன் அடித்துக் கொலை' என்று தம்பலகாமத்துப் படம் ஒன்று போட்டிருந்தீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தேன். தடியில் தொங்குவது விரியன் இல்லை, வெங்கிணாந்திக் குட்டி. மலைப்பாம்பு என்றால் எல்லோருக்கும் விளங்கும். நஞ்சு ஒரு துளியும் கிடையாது.

இந்தப் பிழையை நானும் செய்தவன்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு பெரும்போக வேளாண்மை வெட்டு நேரம், வாய்க்கால் ஓரம் சுருண்டு கிடந்த ஒன்றை மண்வெட்டியால் ஒரே போடு போட்டேன். வெட்டுக்கு வந்திருந்த வயசாளி ஒருவர் தடியால் தலையை நிமிர்த்தி, மேலுதட்டில் வரிசையாக இருந்த சின்னக் குழிகளைக் காட்டினார். "விரியனுக்கு இது இருக்காது தம்பி" என்றார். அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

வித்தியாசம் தூர நின்று பார்த்தாலே தெரியும். கண்ணாடி விரியனின் முதுகில் மூன்று வரிசை, சங்கிலி கோத்த மாதிரி முட்டை வடிவப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு. வெங்கிணாந்திக்கு அந்த ஒழுங்கு இல்லை. கிழித்த துணியை ஒட்டியதுபோல் கோணல்மாணலான திட்டுகள், தலையில் அம்புமுனை மாதிரி ஒரு அடையாளம். விரியனின் தோல் சொரசொரவென்று மங்கலாக இருக்கும், வெங்கிணாந்தி எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். விரியன் சீறினால் பிரஷர் குக்கரில் ஆவி போகிற சத்தம், கேட்டவன் மறக்கமாட்டான். இதைப் படித்துவிட்டு யாரும் குனிந்து உதட்டுக் குழியை எண்ணப் போகவேண்டாம். சந்தேகம் என்றால் தள்ளி நின்று வழிவிடுவதே நல்லது.

சரி, விரியனாகவே இருந்திருந்தால் அடிக்கலாமா என்று கேட்பீர்கள். வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் வந்தால் மனிதன் பயப்படத்தான் செய்வான். அதில் நான் நியாயம் பேசவில்லை. ஆனால் வயலுக்கு அது ஏன் வருகிறது? எலிக்காக. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற எங்கள் வயல்களில் எலி செய்கிற அநியாயம் கொஞ்சமல்ல. குடலைப் பருவத்தில் தண்டைக் கடித்துச் சாய்க்கும், வரம்பைத் துளைத்து ஒரே இரவில் தண்ணீரை வடித்துவிடும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் காலில் புண்ணோடு இறங்குகிறவனுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். பூனையும் ஆந்தையும் வெளியே வந்த எலியைத்தான் பிடிக்கும். வளைக்குள் நுழைந்து குஞ்சோடு விழுங்கக்கூடியது பாம்பு.

சாரையைச் சொல்லவேண்டும். என் நெல் மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. மனைவிக்குப் பிடிக்காது, ஆனால் எலி ஓட்டை போட்ட சாக்கு இந்த முறை இரண்டுதான். சாரையும் நாகமும் பிணைகிறது என்று சொல்லி அதன்மேல் வேட்டியை எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பிணையலே இல்லை. இரண்டு ஆண் சாரைகள் பிடிக்கிற மல்லு. அதனாலேயே சாரைக்கும் நாகத்தின் பழி.

நிலாவெளியில் கரைவலை இழுக்கிற என் மச்சானுக்கு வேறு கதை. வலையில் மீனோடு வருகிற கடற்பாம்பு, துடுப்பு மாதிரித் தட்டையான வாலோடு மணலில் நகரமுடியாமல் கிடக்கும். அது கடும் நஞ்சுள்ளது, நம் ஆஸ்பத்திரிகளில் நாகத்துக்கும் விரியனுக்கும் ஏற்றுகிற மருந்து அதற்குக் கேட்காது. கையால் தொடாமல் தடியால் கடலுக்குள் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறேன்.

இலங்கையில் 100க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் உண்டு. அதில் தரையில் ஆளைக் கொல்லக்கூடியவை கைவிரலுக்குள் அடங்கும். நான் அதிகம் பயப்படுவது கட்டுவிரியனுக்கு. வயல் குடிசையான வாடியில் வெறும் நிலத்தில் படுப்பவனை இரவில் கடிக்கும், வலிகூடத் தெரியாது. விடிய வயிற்றுவலி, அப்புறம் கண்ணிமை தானாக மூடிக்கொள்ளும். எந்தப் பாம்பு கடித்தாலும் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஆளை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன், கண்ணாடி விரியனையும் வெங்கிணாந்திக் குட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலரில் ஒரு படம் போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் வாடியில் ஒட்டிவைக்கிறோம். போன ஞாயிறு படத்துக்குத் திருத்தமும் வரட்டும். ஆறாம் பக்கத்து மூலையில் சின்ன எழுத்தில் வேண்டாம், அந்தப் படம் எவ்வளவு பெரிதாக வந்ததோ அவ்வளவு பெரிதாக.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
தம்பலகாமம், திருகோணமலை.