வேடந்தாங்கல் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

வேடந்தாங்கல் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஏரியின் வரைபடமும் ஊர் வரலாறும் சேர்ந்த சிறு புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிரதிகள் கொடுத்தாகிவிட்டது. அட்டையில் என் பெயர் இருந்தாலும், உள்ளே பாதிக்கு மேல் நீங்கள் சொன்ன சங்கதிதான்.

முதல் நன்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரை முழுக்க என்னை நடத்திக் கூட்டிப்போன, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி ஐயாவுக்கு. சுமார் 74 ஏக்கர் ஏரி, வரைபடத்தில் பார்த்தால் ஒரு பொட்டு. வளையபுத்தூர் ஏரியின் மிச்சத் தண்ணீர் எந்த வழியாக இறங்கி வருகிறது, மதகைத் திறந்தால் முதலில் யார் வயல் நனையும் என்பதெல்லாம் அவர் விரல் நீட்டிக் காட்டியபிறகுதான் விளங்கியது.

நடவு நட்டுக்கொண்டிருந்த அக்காக்களை மறக்க முடியாது. மதகுத் தண்ணீரைக் கையில் அள்ளி, "மோந்து பாருங்க, இதாங்க எங்களுக்கு யூரியா" என்றார்கள். மோந்தேன். நாற்றம் நாற்றம்தான்! நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவும் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் இலையெல்லாம் வெளுக்க வழிந்து ஏரியில் விழுகிறது. தழைச்சத்து ஏறிய அந்தத் தண்ணீர் அப்படியே வயலுக்குப் போகிறது. பறவையைச் சுட்டால் விளைச்சலில் கை வைத்த மாதிரி. ஊர் வரலாறே இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். ஜீவகாருண்யம் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் கணக்கும் இருந்தது.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவை சுட்டபோது ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டதும், லியோனல் பிளேஸ் துரை 1798இல் கவுல் (பறவைகளைக் காக்கும் உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுத்ததும், அது 1858இல் புதுப்பிக்கப்பட்டதும் புத்தகத்தில் விரிவாகவே வந்திருக்கிறது. பழைய காகிதங்களைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்து, பொறுமையாகப் படித்துக் காட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அந்தப் பக்கங்கள் சேரும். (மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வரும் கலெக்டரும் இதே பிளேஸ் துரைதான். அந்தக் கதையைச் சொல்லாமல் ஆசிரியர் காபி குடிக்க விடவில்லை.) 1936இல் சரணாலயமானது, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது எல்லாம் அரசு ஏடுகளிலேயே இருக்கிறது. 1798க்கு முன்பே ஊர் இந்தப் பறவைகளைத் தன்னுடையதாக நினைத்திருந்தது என்பதுதான் எனக்குப் பெரிது. இல்லாவிட்டால் யார் கலெக்டர்வரை போய் நிற்பார்கள்?

பறவை பார்க்கும் கோபுரத்தில் தொலைநோக்கியைக் கொடுத்து, கரண்டிவாயனையும் அரிவாள் மூக்கனையும் பிரித்துக் காட்டிய வனத்துறைக் காவலருக்கு நன்றி. நேரம் தவறாமல் சோறு போட்ட வீட்டம்மாவுக்கும் நன்றி. அப்புறம், தீபாவளிக்கு ஏன் வெடி வெடிப்பதில்லை என்று கேட்டதற்கு, "குஞ்சு பயந்துடும்ல" என்று என்னை ஏதோ தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்த பிள்ளைகளுக்குத் தனி நன்றி.

கலங்கலுக்கு (ஏரி நிரம்பி வழியும் இடத்துக்கு) கீழே உள்ள வயல்களின் பெயர்கள் இந்தப் பதிப்பில் இடம் பெறவில்லை. அடுத்ததில் சேர்க்க ஆசை. நீர்க்கட்டி ஐயா தயவுசெய்து இன்னொரு நாள் ஒதுக்க வேண்டும். மழை விட்டதும் வருகிறேன்.

அன்புடன்,
புத்தகம் தொகுத்தவன்