குளியலறைக் கதவு

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

இங்கே நலம். நீயும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் வெறும் கட்டைவிரல் மட்டும் வந்துகொண்டிருந்தால் நினைத்துக்கொள்ளத்தானே வேண்டும்? உன் குரல் கேட்டு இன்றோடு பத்தொன்பது நாள். இதையும் எண்ணுகிறீர்களா என்று கோபிக்காதே. துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கொள்கலன் எண்ணியவன்.

தீபாவளி விளக்கு போட்டுவிட்டார்களாம், நான் தேக்கா பக்கம் போகவில்லை. நம் புளோக்கில் மின்தூக்கி மறுபடி பழுது. மற்றபடி எல்லாம் முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மா விஷயம்தான்.

நீ சொல்லிக்கொடுத்தபடி தினமும் பார்க்கிறேன். நாக்கு, குதிகால், உள்ளங்கை. "முகத்தைப் பார்த்து ஏமாந்துடாதீங்கப்பா, பார்வையாளர் வர்ற நேரத்துக்கு முகம் கழுவி விட்டுடுவாங்க" என்று சொன்னாயே, அது நூற்றுக்கு நூறு. அதனால் ஒரே நேரத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். ஒருநாள் காலை பத்துக்கு, ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு, ஒருநாள் ஞாயிறு மதியம். இரண்டு பேருந்து மாறித்தான் போகவேண்டும், பரவாயில்லை.

போன செவ்வாய் இரண்டரைக்குப் போனேன். மேசையில் மைலோ. ஆடை கட்டி, அதன்மேல் ஒரு கொசு. மேசை கட்டிலுக்கு இடப்பக்கம். பக்கவாதத்தில் அம்மாவுக்கு விழுந்தது இடப்பக்கம் என்று கட்டில் தலைமாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கூப்பிடும் மணியின் கயிறு சுருட்டப்பட்டுக் கம்பியில் அழகாகத் தொங்குகிறது. வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கு, வெயிலில் காய்ந்த புளித்தோல் மாதிரி இருந்தது. ஒரு குவளைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக இருபது நிமிஷம் குடித்தாள். மூடியே கிடக்கிற இடக்கை விரல்களை மெல்லப் பிரித்தால், நகம் வளர்ந்து உள்ளங்கையில் நாலு பிறைக் காயம். நகவெட்டியை இப்போது சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

அங்கேயே ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. கிளம்பும்போது கட்டில் காலடியில் தொங்கும் அட்டையைப் பார்த்தேன், இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைத்ததற்கான அட்டை. நாலு மணிக்கு நேரே கையெழுத்து இருக்கிறது. வலப்பக்கம் திருப்பினார்களாம். அம்மா மல்லாந்துதான் கிடக்கிறாள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்! ஆள் குறைவு என்றால் எனக்குப் புரியும். ராத்திரியில் ஒரு பிள்ளை எத்தனை கட்டிலைத்தான் பார்க்கும்? ஆனால் செய்யாததற்குப் போட்ட கையெழுத்தை நான் மன்னிக்கமாட்டேன். அந்தக் கையெழுத்தின் பலன் அவள் குதிகாலில் இருக்கிறது. முதலில் வெறும் சிவப்பு. அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. அழுத்தியும் வெளுக்காவிட்டால் உள்ளே புண் ஆரம்பித்துவிட்டது என்று நீ சொல்லியிருக்கிறாய். இப்போது தோல் விட்டுவிட்டது.

எல்லாரும் அப்படியில்லை. மியன்மார் பிள்ளை ஒன்று இருக்கிறது. நோய் வந்ததிலிருந்து அம்மாவுக்கு மலாயும் ஆங்கிலமும் போய், தமிழ் மட்டும்தான் மிச்சம், உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டு "தண்ணி", "வலி", "போதும்" மூன்றையும் தன் மொழி எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அது வேலைக்கு வரும் நாளில் நாக்கு ஈரமாக இருக்கும். நீயும் அங்கே அப்படித்தான் இருப்பாய் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

நன்றாகத் தூங்குகிறாயா? இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் பார்க்காதே. பணம் வரும் போகும். போன தடவை பேசும்போது "அப்பா, நேத்து ஒரு பாட்டி" என்று ஆரம்பித்தாய். அப்புறம் "ஒண்ணுமில்ல, நேரமாச்சு" என்று வைத்துவிட்டாய். அந்தப் பாட்டி இப்போது எப்படி இருக்கிறார்?

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை சட்டை மாற்றும்போது வலக்கையின் மேல்புறம், உள்பக்கமாகக் கன்றியிருந்தது. வட்டம் வட்டமாக நாலு, எதிர்ப்பக்கம் ஒன்று. பொறுப்பு மிஸ்ஸியிடம் கேட்டேன். கட்டில் கம்பியில் இடித்திருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரே, லேசாகப் பட்டாலே கன்றும் என்றார். மாத்திரை விஷயம் உண்மை, டாக்டரும் முன்பே சொன்னதுதான். ஆனால் கம்பிக்கு விரல் கிடையாது.

படம் எடுத்துவிட்டேன், தேதியோடு. நோட்டுப் புத்தகத்தில் நாள், மணி, யார் வேலையில் இருந்தார், என்ன சொன்னார் எல்லாம் எழுதுகிறேன். நிர்வாகிக்குக் கடிதம் கொடுத்து, புதன்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். அங்கே சரியான பதில் வராவிட்டால் சுகாதார அமைச்சுக்கு எழுதுவேன். 2018இல் வந்த எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களுக்கான சட்டத்தில், நல்ல எண்ணத்தோடு தகவல் சொல்பவரின் பெயரைக் காப்பாற்ற இடம் இருக்கிறது. 1800 777 0000 என்று ஓர் எண், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். அதையும் குறித்து வைத்திருக்கிறேன். மூன்றாம் மாடி அண்ணன், "புகார் கொடுத்தா நீங்க வீட்டுக்கு வந்தப்புறம் அவங்கமேல காட்டுவாங்க" என்கிறார். அந்தப் பயத்தில்தான் குதிகால் சிவந்ததைப் பார்த்தும் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வாரத்தில்தான் தோல் விட்டது.

2011 உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ஹோமில் மகன் ஒளித்துவைத்த கேமராவில் பதிந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். தன் தாயை எப்படி நடத்துகிறார்கள் என்று அவர் எடுத்த படம். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய். பதினேழு வயது. "நான் நர்ஸ் ஆகப்போறேன்" என்றாய். நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்த அன்று காப்பிக்கடையில் தெரியாதவர்களுக்கெல்லாம் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். அம்மா திட்டினாள். இப்போதும் பேருந்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், என் மகள் மெல்பர்னில் வயசானவங்களைப் பார்த்துக்கிறாள் என்று இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லிவிடுவேன்.

நீ விடுப்பில் இருப்பதாக உன் தம்பி சொன்னான். தீபாவளிக்கே விடுப்புக் கேட்காதவள், அம்மா ஐசியுவில் கிடந்தபோது ஆறு நாளில் திரும்பிப் போனவள், ஒன்றுமில்லாத மாதத்தில் மூன்று வாரம் விடுப்பாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ஊரில் இதெல்லாம் எப்படி என்று மட்டும் அவனைத் தேடச் சொன்னேன். முதியவர்களிடம் யாராவது தப்பாக நடந்துகொண்டால் 2021 ஏப்ரலிலிருந்து இல்லமே அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும், பெரிய விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் என்று படித்துக் காட்டினான். "எதுக்குப்பா இது?" என்றான். சும்மா என்றேன்.

பாப்பா, அப்பாயி கையில் இருந்த தழும்பு உனக்கு நினைவிருக்கிறதா? 2008. நீ உயர்நிலை இரண்டு. "அப்பாயிக்குக் கையில என்னப்பா?" என்று கேட்டாய். குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டார் என்றேன்.

கதவு இல்லை, நான்தான். இரவு வேலை முடிந்து மூன்று மணிக்கு வருகிறேன், அப்பாயி பாம்பர்ஸைக் கிழித்துச் சுவரெல்லாம் பூசிவைத்திருக்கிறார். அந்த மாதத்தில் அது எத்தனையாவது தடவையோ. கழுவிவிடப் போனால் என் முகத்தில் துப்பினார். மேல்கையைப் பிடித்து உலுக்கினேன். பிடித்த கையை எடுக்க முடியவில்லை, பாப்பா. அவர் என்னை "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டு அழுதார், அவருடைய அப்பா என்று நினைத்துக்கொண்டு. மறுநாளிலிருந்து நான் தூங்கும் நேரத்தில் அவர் கையைத் துண்டால் கட்டிலோடு கட்டினேன். நீ பள்ளியிலிருந்து வருவதற்குள் அவிழ்த்துவிடுவேன்.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் கேட்டபோது அம்மாதான் முந்திக்கொண்டு கதவு என்றாள். நான் கையிலிருந்த வரிசை எண் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நான்தான் செய்தேன், என்னால் முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அப்பாயிக்கு வேறு ஏற்பாடு பண்ணியிருப்பார்கள். சொல்லவில்லை. சாகும்வரை இன்னும் நாலு மாதம் என் கையில்தான் இருந்தார்.

வியாழக்கிழமை அம்மாவின் கையில் இருந்த அந்த நாலு வட்டத்தின்மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. எனக்காகப் பொய் சொன்னவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் செய்தார் என்று சொல்ல அவளுக்கு இப்போது வார்த்தை இல்லை.

செய்தவரை நான் விடப்போவதில்லை, புதன்கிழமை கேட்கத்தான் போகிறேன். ஆனால் மேசைக்கு அந்தப்பக்கம் உட்காரப்போகிறவருக்கும் எங்கோ ஓர் அப்பா இருப்பார், அவரும் பத்தொன்பது நாளாக எண்ணிக்கொண்டிருப்பார் என்று வியாழக்கிழமையிலிருந்து ஒரு நினைப்பு வந்துகொண்டே இருக்கிறது.

நீ கூப்பிட்டால் நான் எதுவும் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் நடுவில் பேசமாட்டேன், இது சத்தியம். நன்றாகச் சாப்பிடு, தூங்கு. இரண்டு ஷிஃப்ட் வேண்டாம்.

புதன்கிழமை ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். ஒரு சந்தேகம் வேறு இருக்கிறது, அதை உன்னிடம்தான் கேட்கவேண்டும். ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப்போட்டு அம்மாவின் குதிகாலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அது சரிதானா? இல்லை, கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கலாக விடவேண்டுமா? கூட்டத்தில் நான் என்ன சொல்லட்டும்?

அன்புடன்
அப்பா