தோப்பைப் பிரிக்கும் முன் வரத்துக்காலைப் பாருங்கள்

மாந்தோப்புப் பங்காளிகள் அனைவருக்கும் வணக்கம்.

சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் போட்டுச் சொல்ல முடியாது என்பதால் ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் தோப்பில் 31 வருடம் காவல் இருந்தவரின் மகள் நான். என்னைப் படிக்க வைத்து டீச்சர் ஆக்கியதில் உங்கள் வீட்டு ஆச்சி ஒருவருக்கும் பங்கு உண்டு. அந்த உரிமையில் கேட்கிறேன்.

தோப்பை வீட்டுமனைகளாகப் பிரித்து விற்பது பற்றிப் போன மாதம் கோயில் மண்டபத்தில் தொடங்கிய பேச்சு சண்டையில் முடிந்தது. ஒரு மரத்தைக்கூடத் தொடக் கூடாது என்றார்கள் சிலர். காய்க்காத மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார்கள் மற்றவர்கள். காரைக்குடியில் வாடகை கொடுத்து மாளாமல் என் தம்பி மகனே இங்கே மூன்று சென்ட் கேட்டுக்கொண்டிருக்கிறான். மேற்கே மேட்டுப் பக்கம் பாதி மரம் பட்டுப்போய்விட்டது. அங்கே வீடு வரட்டும். பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளுக்கு நடுவே நாலு வீட்டில் விளக்கு எரிந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

என் கவலையெல்லாம் கிழக்கு ஓரத்தைப் பற்றியது.

அங்கே மூன்றடி அகலத்தில் ஒரு வரத்துக்கால் ஓடுகிறது. பக்கச்சுவர் செம்புறாங்கல். தோப்பில் விழுகிற மழை அதில் இறங்கித்தான் ஊருணிக்குப் போகிறது. ஐப்பசியில் முதல் பெருமழை வந்தால் அப்பா ராத்திரியிலேயே மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். ஊருணிக்குள் விழும் வாயில் மாஞ்சருகு அடைத்து, தண்ணீர் சிவப்பாகத் தேங்கி நிற்கும். அப்பா குனிந்து கையாலேயே சருகை அள்ளிப் போடுவார். அடைப்பு எடுத்ததும் தண்ணீர் இறங்குகிற சத்தம் தோப்புக் கதவு வரை கேட்கும். ஊருணியை வெட்டியவர்களும் உங்கள் ஐயாக்கள்தான். தண்ணீர் எங்கிருந்து வரவேண்டும் என்று பார்த்துத்தான் தோப்பையும் வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர். உங்கள் தோப்பு ஏழு ஏக்கர். அவ்வளவும் ஊருணிக்குப் போகாது, செம்மண் கொஞ்சம் குடிக்கும். குடித்தால்தான் கிணறுகளில் ஊறும். அதுவும் நமக்குத்தான்.

போன வருடம் புதர் வெட்டுகிறோம் என்று வந்த ஜேசிபி வரத்துக்காலில் மண்ணைத் தள்ளிவிட்டுப் போனது. கார்த்திகை முடியும்போது ஊருணியில் வழக்கமாக மேலிருந்து இரண்டாம் படி வரை நிற்கிற தண்ணீர் இந்த முறை ஆறாம் படியைத் தாண்டவில்லை. சித்திரையில் கிணற்றுக் கயிற்றில் இன்னொரு முழம் சேர்த்துக் கட்டினோம்.

இதை நான் ஏன் அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் தெரியுமா? அந்தக் கால்வாய் முழுக்க உங்கள் பட்டா நிலத்துக்குள் இருக்கிறது. புல வரைபடத்தில் அதற்குக் கோடே இல்லை. அளக்க வருகிறவர் கண்ணுக்கு அது வெறும் பள்ளம். அது வரத்துக்கால் என்று சொல்ல நீங்கள் வாயைத் திறந்தால்தான் உண்டு.

இந்த அளவுள்ள மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அனுமதி வாங்கும்போது, சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஏறக்குறைய அரை ஏக்கர் வரும். பொதுவாக விற்காத மூலையாகப் பார்த்து அதை ஒதுக்குவார்கள். அந்த அரை ஏக்கரை வரத்துக்கால் ஓரமாக நீளவாக்கில் விடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. அங்கே நிற்கிற மரங்கள் இன்னும் காய்க்கின்றன, அவையும் தப்பிக்கும். அது தாழ்வான இடம். அங்கே வீடு கட்டுகிறவர் மார்கழியில் வாசலில் தண்ணீரோடுதான் இருப்பார்.

வள்ளல் அழகப்பச் செட்டியார், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த மண் இது. அப்படி ஒரு கொடையை நான் கேட்கவில்லை. எப்படியும் கொடுக்க வேண்டிய நிலத்தை உரிய இடத்தில் கொடுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. தோப்பு வாசலில் புரோக்கர் போர்டு வைத்து முன்பணம் வாங்க ஆரம்பித்திருக்கிறார். போர்டில் ரெரா எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண், இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. இது உங்களுக்குத் தெரிந்து நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பணம் கட்டியவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். போர்டை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு உங்களில் ஒருவராவது மனைப்பிரிவு வரைபடத்தோடு வாருங்கள். முந்தின நாளே வந்தால் வரத்துக்காலை முழுக்க நடந்து காட்டுகிறேன். அப்பா வைத்திருந்த தோப்புச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.