பழைய திகில் சித்திரக்கதைகளும் நமது ஞாயிறு இதழ்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்த திகில் சித்திரக்கதைகளை இன்றும் ஏன் தேடித் தேடி வாசிக்கிறார்கள் என்று கேட்டால், 'இரத்தமும் பிணமும் பார்க்கும் ஆசை' என்று பலர் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரியல்ல. இரத்தம்தான் வேண்டுமென்றால் கைத்தொலைபேசியிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது. அந்தப் புத்தகங்களை நிலைக்க வைத்தது அவற்றின் வேலைப்பாடு. மலிவான கடதாசி, நான்கு மை, ஏழெட்டுப் பக்கம் என்ற கட்டுக்குள் நின்று செய்த வேலை அது. நமது ஞாயிறு இதழ்களும் ஏறத்தாழ அதே கட்டுக்குள்தான் அச்சாகின்றன. அதனால்தான் இதை உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறோம்.

அன்று ஒரு புத்தகத்தின் விலை 10 சென்ட். அட்டை நீங்கலாக 32 பக்கம், பெரும்பாலும் நான்கு கதைகள். 1950இல் ஈ.சி. என்ற சித்திரக்கதைப் பதிப்பு நிறுவனத்தின் வில்லியம் கெயின்ஸும் அல் ஃபெல்ட்ஸ்டைனும் தொடங்கிய மூன்று திகில் இதழ்கள்தான் இந்த வகையின் உச்சம். அங்கே வேலை நடந்த முறை விசித்திரமானது. ஃபெல்ட்ஸ்டைன் கட்டம் பிரித்து, வரைபலகையிலேயே கதையை எழுதிவிடுவார். பிறகு லெரோய் என்ற எழுத்து வடிவத் தகட்டுக் கருவியால் எழுத்துகள் வரையப்படும். அதன் பிறகே பக்கம் ஓவியரிடம் போகும். எழுத்து போக மிஞ்சிய இடத்தில்தான் அவர் வரைய வேண்டும். கட்டத்தின் மேற்பாதியைச் சொற்கள் பிடித்துவிடுவதால் பெரிய சண்டைக் காட்சிகளுக்கு இடமில்லை. முகம், கை, சுவரில் விழும் நிழல் என்று ஓவியர்கள் நெருங்கி வரையப் பழகினார்கள். கிரஹாம் இங்கெல்ஸ் வரைந்த அழுகும் உடல்களையும், ஜாக் டேவிஸின் கோணல் முகங்களையும், ஜொனி கிரெய்க்கின் சுத்தமான கோடுகளையும் பெயர் பார்க்காமலே பிரித்தறியலாம். கதை சொல்லிகளாக மூன்று விகாரமான பாத்திரங்கள் வந்து முன்னுரை சொல்லும், முடிவில் கேலி பேசும். முருங்கை மரத்து வேதாளத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த உத்தி புதிதல்ல.

கட்டுப்பாட்டை எப்படி வெல்வது என்பதற்கு ஓவியர் பேர்னார்ட் கிரிக்ஸ்டைனின் 'மாஸ்டர் ரேஸ்' நல்ல சான்று. திகில் இதழ்கள் நின்ற பின், 1955இல் அதே நிறுவனத்தின் வேறோர் இதழில் வந்த கதை இது. ஆறு பக்கத்துக்கு எழுதப்பட்டிருந்தது. அவர் பன்னிரண்டு கேட்டார், எட்டுத்தான் கிடைத்தது. கிடைத்த கட்டங்களை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, சுரங்க ரயிலடியில் நடக்கும் சில விநாடிகளை அவற்றில் பரப்பினார். சித்திரக்கதை வரைய விரும்பும் எவரும் அந்த இறுதிப் பக்கத்தைக் கையால் நகலெடுத்துப் பார்க்க வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் ஒவ்வொன்றும் 0, 25, 50, 100 சதவீதம் என்று கலந்தால் மொத்தம் 64 நிறங்கள். அவ்வளவுதான். ஈ.சி. கதைகளுக்கு நிறம் அமைத்த மேரி செவெரின், கோரம் மிகுந்த கட்டத்தை முழுவதும் கருநீலத்தால் மூடிவிடுவார். பார்ப்பவர் கண் பாதியைத்தான் காணும், மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். சில புதிய மறுபதிப்புகளில் கணினியால் சாயலும் பளபளப்பும் ஏற்றியிருக்கிறார்கள். கட்டம் பொம்மைபோல் ஆகிவிடுகிறது. பழைய நிறத்தோடு வரும் பதிப்பு கிடைக்காவிட்டால் கறுப்பு வெள்ளைப் பதிப்பை வாங்குவதே மேல்.

1954 ஏப்ரலில் அமெரிக்க செனட் உபகுழு சித்திரக்கதைகள் பற்றி நியூயோர்க்கில் விசாரணை நடத்தியது, ஒக்டோபரில் பதிப்பாளர்கள் தாங்களே ஒரு விதிக்கோவையை ஏற்றார்கள். தலைப்பில் 'ஹொரர்', 'டெரர்' என்ற சொற்களுக்குத் தடை. இரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் எதற்கும் இடமில்லை. விதிக்கு உட்பட்டது என்று காட்டும் முத்திரை அட்டையில் இல்லாத புத்தகங்களை விநியோகஸ்தர்கள் எடுக்க மறுத்தார்கள். பிரித்தானியா 1955இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இனி வாங்குவோர் கவனத்துக்கு. மருதானையிலோ டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையிலோ பழைய புத்தகக் கடையில் அந்தக் காலத் திகில் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டால் அட்டையை நம்ப வேண்டாம். 1970களிலும் 1990களிலும் வந்த மறுபதிப்புகளில் அட்டைப் படம் அப்படியே இருக்கும். முதலில் விலையைப் பாருங்கள். ஒரு டொலரோ அதற்கு மேலோ என்றால் அது மறுபதிப்பு. பிறகு உள்ளே பொடி எழுத்தில் உள்ள பதிப்பு விவரத்தில் ஆண்டைப் பாருங்கள். முத்திரை இல்லை என்பது மட்டும் அது விதிக்கோவைக்கு முந்தியது என்பதற்குச் சான்றாகாது. டெல் நிறுவனத்தின் புத்தகங்களில் எக்காலத்திலும் அந்த முத்திரை இருந்ததில்லை. வாசிக்க மட்டும் விரும்புவோருக்குச் செலவே இல்லாத வழி உண்டு. வெளியான 28ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பிக்காத பல சிறு நிறுவனங்களின் புத்தகங்கள் அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்டன, இணையத்தில் முழுதாகக் கிடைக்கின்றன. ஈ.சி. கதைகள் அதில் சேராது.

கொழும்பில் இவற்றை வைத்திருப்பது தனிப் பாடு. காற்றின் ஈரப்பதன் ஆண்டில் பெரும்பகுதி 75 சதவீதத்துக்கு மேல். 65 தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். மரக்கூழ்க் கடதாசியில் உள்ள லிக்னின் அமிலமாகிப் பழுத்து நொறுங்கும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றால் கம்பி ஊசி கறள் கட்டி நடுப்பக்கத்தை அரிக்கும். பீவீசீ உறை வேண்டாம். பொலியெஸ்டர் உறையில் அமிலமற்ற மட்டையோடு செருகி, இறப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். 30 லீற்றர் பெட்டிக்கு ஈரத்தை உறிஞ்சும் செம்மஞ்சள் நிறச் சிலிக்கா ஜெல் 250 கிராம் போதும். நிறம் மாறியதும் 120 பாகையில் இரண்டு மணிநேரம் சூடாக்கினால் மீண்டும் பாவிக்கலாம். உள்ளே ஒரு சிறு ஈரமானி வைத்து 45க்கும் 55க்கும் இடையில் பேணுங்கள். அதிகம் உலர்ந்தாலும் கடதாசி முறியும். வெள்ளிப் பூச்சி கண்டால் இரட்டைப் பொலித்தீனில் காற்றை நெருக்கி மூடி, உறைபெட்டியில் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் இரண்டு கிழமை வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்காதிருங்கள். உடனே திறந்தால் நீர் படியும். செலோடேப், லமினேட்டிங் இரண்டும் கூடவே கூடாது. நம்மவர்கள் பாசத்தோடு செய்யும் 'பைண்டிங்' அதைவிடக் கேடு. மூன்று பக்கமும் சீவும்போது விளிம்புக் கோடுகள் போய்விடும். கட்டித்தான் ஆகவேண்டுமென்றால் சீவாமல் நூலால் தைக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. ஞாயிறு இதழில் சிறுவர் பக்கத்தில் அல்ல, சிறுகதைப் பக்கத்தில், நமது ஓவியர்கள் எழுதி வரையும் முழுமையான ஒரு திகில் சித்திரக்கதையை வெளியிடுங்கள். டப்ளொயிட் பக்கமொன்றில் 12 கட்டங்கள் தாராளமாக அடங்கும். நான்கு வாரத்தில் 48 கட்டம், அன்றைய ஏழு பக்கக் கதை ஒன்றின் அளவு. கோடும் எழுத்தும் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டாம். மை சற்று விலகினாலும் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். தமிழுக்கு இடம் கூடத் தேவை என்பதால் கட்டத்துக்கு 20 சொற்களுக்கு மேல் போகக்கூடாது. இரவுக் காட்சிக்கு நான்கு மையையும் கொட்டாமல் நீலம் 100, சிவப்பு 50 போதும். பத்திரிகைக் கடதாசி 240 சதவீதத்துக்கு மேல் மை தாங்காது, மறுபக்கத்தில் ஊறும். கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல், உங்கள் இயந்திரத்திலேயே ஒரு பக்கம் ஓட்டிப் பார்த்து ஓவியரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பழைய சித்திரக்கதை சேகரிப்போர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.