குடம் தூக்குன பொம்பளைய நடக்க வச்ச எல்லாருக்கும் நன்றி

போன வாரம் நான் போட்ட அந்த குட்டி அனிமேஷன், அதான் கண்டாங்கி கட்டிகிட்டு இடுப்புல குடத்தோட ஒரு பொம்பள நடந்து போவாங்கல்ல, அத பாத்துட்டு நெறைய பேரு சூப்பர்னு சொன்னீங்க. சந்தோஷம் தான், ஆனா அதுல பாதி என் வேலையே இல்ல, சும்மா பாராட்டு வாங்கிக்க மனசு ஒப்பல, அதான் இந்த மடல்.

நாலு மாசம் முன்னாடி பிக்சல் ஆர்ட்னா, அதான் சின்னச் சின்ன கட்டப் புள்ளியா வச்சு படம் வரையிறது, என்னன்னே தெரியாது எனக்கு. வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது. காரைக்குடில ஜெராக்ஸ் கடை வச்சிருக்க அக்கா மதியம் கூட்டமில்லாத நேரத்துல ஒரு பழைய சிஸ்டத்துல உக்கார விட்டாங்க, காசு வாங்கல, அத வரையிற லிப்ரஸ்பிரைட் சாஃப்ட்வேர் ஃப்ரீ தான்னதும் இன்ஸ்டால் பண்ணிக்கோன்னுட்டாங்க. 32க்கு 32 கட்டம், மொத்தம் 1024 புள்ளி, இதுல என்ன பெரிய கஷ்டம்னு நெனச்சேன். மொத நாள் முழுக்க மூஞ்சிக்கே போச்சு. கண்ணு வச்சா மூக்குக்கு எடமில்ல, வாய் வச்சா தாடி மொளச்ச மாதிரி இருக்கு. 1981ல டாங்கி காங் கேம்ல மரியோவுக்கு மீசையும் தொப்பியும் வச்சதே இந்த எடப் பஞ்சத்தால தான், மீச வச்சா வாய் வரைய வேண்டாம், தொப்பி வச்சா முடி வரைய வேண்டாம். இத அந்த அக்காகிட்ட சொல்லிகிட்டு இருந்தப்ப அவங்க பின்னாடி நின்னு பாத்துட்டு, மூஞ்சிய விடு, மூக்குத்திய மட்டும் வையின்னாங்க. ஒரே ஒரு வெள்ளப் புள்ளி. அவ்வளவுதான், ஆளு வந்துருச்சு! அக்கா, அந்த ஒரு பிக்சல் உங்களோடது.

அப்புறம் நடக்க வைக்கிறது. மொத தடவ காலு ரெண்ட மட்டும் ஆட்டி விட்டேன், தலையும் ஒடம்பும் அப்படியே நிக்குது, பாத்தா தையல் மிஷின்ல உக்காந்து பெடல் மிதிக்கிற மாதிரி இருந்துச்சு. கோயம்புத்தூர் அண்ணன் ஒருத்தர், ஆன்லைன் பழக்கம் தான், நேர்ல பாத்ததே இல்ல, அவரு என் ஃப்ரேம் மேல, அதான் அனிமேஷன்ல வர ஒவ்வொரு தனிப் படத்து மேலயும், செவப்பு கோடு போட்டு போட்டு அனுப்புவாரு. ரெண்டு காலும் அகண்டு தரையத் தொடுற போஸ், அடுத்து வெயிட்டு எறங்குற போஸ், அப்புறம் ஒரு காலு இன்னொரு கால கடக்குறது, அப்புறம் ஒடம்பு மேல எழும்புறது, இந்த நாலு, அடுத்த காலுக்கு இன்னொரு நாலு, ஆக 8 ஃப்ரேம். எறங்குற எடத்துல தலைய ஒரு பிக்சல் கீழ தள்ளு, எழும்புற எடத்துல ஒரு பிக்சல் மேல தள்ளுன்னாரு. ஒரு பிக்சல்ல என்ன ஆயிரப் போகுதுன்னு தள்ளிப் பாத்தா, பொம்ம உசுரு வந்து நடக்குது. ராத்திரி 11 மணிக்கு மேல தான் பதில் வரும், ஷிஃப்ட் முடிச்சு வந்து உக்காந்து போட்டிருப்பாரு போல. அண்ணே, ரொம்ப நன்றிண்ணே.

ஆனா பெரிய கும்புடு எங்க அப்பத்தாவுக்கு. ஃபோன்ல போட்டுக் காட்டுனேன், கண்ணாடிய தேடி எடுத்து மாட்டிகிட்டு கேட்ட மொத கேள்வி, "இது வெறுங்குடமாடா, நெறகுடமா?" நான் முழிச்சேன். நான் அத யோசிக்கவே இல்ல, குடம்னா குடம் தான. "நெறகுடம்னா இப்படி கைய வீசிகிட்டு போவாளா, ஒரு கை குடத்தோட கழுத்த சுத்தி இருக்கும், அடி சின்னதா எடுத்து வைப்பா, இல்லன்னா தண்ணி தளும்பி சேல நனஞ்சுரும்." சம்பை ஊத்துல போயி தண்ணி எடுத்து வந்த ஆளு, சும்மா சொல்லுவாங்களா. ஒரு கைய நிறுத்தி அடிய சின்னதாக்குனேன். எல்லா ஃப்ரேமும் 100 மில்லிசெகண்ட்ல இருந்துச்சு, எறங்குற ஃப்ரேம மட்டும் 140 ஆக்குனேன். அப்பத்தான் குடத்துக்குள்ள தண்ணி வந்துச்சு.

அதோட விட்டாங்களா. எடது பக்கமா நடக்குறதுக்கு அதே படத்த அப்படியே திருப்பி போட்டிருந்தேன், நெறைய பழைய கேம்ல மெமரி மிச்சம் பண்ண அப்படித்தான் செய்வாங்க. அப்பத்தா, "வரும்போது ஒரு இடுப்புல இருக்கு, போகும்போது மறு இடுப்புக்கு எப்படி போச்சு? எடது இடுப்புல தான வைப்போம், சோத்துக்கை வேலை செய்ய வேண்டாமா" ங்குறாங்க. செத்தேன். வலது பக்கம் போறப்ப குடம் ஒடம்புக்குப் பின்னால பாதி மறையணும், எடது பக்கம் போறப்ப முழுசா தெரியணும், ஆக மறுபடி 8 ஃப்ரேம் புதுசா வரஞ்சேன். முந்துன ஃப்ரேம் நெழலா தெரியுமே, அதுக்கு ஆனியன் ஸ்கின்னு பேருன்னு சொன்னதுக்கு, "வெங்காயச் சருகா, அத உரிச்சா கண்ணு தான் எரியும்" னு சிரிப்பு வேற. பின்கொசுவம் ஒடம்போட சேந்து ஆடாது, ஒரு நொடி பிந்தி தான் ஆடும்னு நடந்தே காட்டுனாங்க, மூணு பிக்சல் கொசுவத்த ஒரு ஃப்ரேம் பிந்தி ஆட விட்டேன். நீங்க எல்லாரும் அழகா இருக்குன்னு சொன்னது அதத்தான்.

ஆத்தங்குடி மாமாவ மறந்தா பாவம். டைல்ஸ் போடுறவரு, கண்ணாடி மேல அச்ச வச்சு ஒவ்வொரு அறைக்குள்ளயும் கலர் சிமெண்ட கரண்டியால ஊத்துவாரு, ஒரு சொட்டு அடுத்த அறைக்குப் போகாது. நான் சேலைல கண்டாங்கி கட்டம் எல்லாம் போட்டு 19 கலர் வச்சிருந்தேன், நடக்குறப்ப கட்டம் எல்லாம் மினுக்கு மினுக்குனு அடிச்சுது. மாமா ஃபோன தரைல வச்சுட்டு, நின்னுகிட்டு கண்ண சுருக்கிப் பாருன்னாரு, டைல்ஸ அப்படித்தான பாப்போம். சேலை எது குடம் எதுன்னே தெரியல. கட்டத்த தூக்கிட்டு மாம்பழ மஞ்சள், அகலமா ஒரு அரக்குக் கரை, மொத்தமே 7 கலர்ல முடிச்சேன்.

கடைசில அத ஜேபிஜியா சேவ் பண்ணி, 3.7 மடங்கு பெருசாக்கி, எல்லாம் கொழகொழன்னு ஆக்கி வச்ச பெருமை மட்டும் என்னோடது. முழு எண்ணுல பெருக்கு, 4 இல்லன்னா 8, அதுவும் ஜிஃப்பா எடுன்னு அதையும் அண்ணன் தான் சொல்லிக் குடுத்தாரு.

அடுத்து சிராவயல் மஞ்சுவிரட்டு காளைய ஓட விடலாம்னு இருக்கேன். நாலு காலு. அப்பத்தாகிட்ட கேட்டேன், "மாட்ட நான் எதுக்க நின்னு பாத்ததே இல்லடா, ஓடி வந்து தான் பழக்கம்" னுட்டாங்க. மாடு வளக்குறவங்க யாராச்சும் இருந்தா மெசேஜ் போடுங்க.