பொருள்: என் இணையதள முகவரியான டொமைன் பெயரைப் போலவே தோன்றும் போலிப் பெயரை விற்றது குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 39 நாட்களில் 7 முறை புகார் செய்து, ஒவ்வொரு முறையும் வேறொரு பிரிவுக்குத் திருப்பிவிடப்பட்டு, அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் 5 ஆண்டுகளாகப் பதிவில் உள்ள தமிழ் எழுத்துகளில் அமைந்த என் டாட் காம் பெயர் ‘பா’ என்று தொடங்குகிறது. அதன் துணைக்காலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ர’ போட்ட பெயரை உங்களிடமே ஒருவர் வாங்கி, என் முகப்புப் பக்கத்தை அப்படியே நகலெடுத்து, என் வாசகர்களின் கடவுச்சொற்களைத் திருடிக்கொண்டிருக்கிறார். பல எழுத்துருக்களில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தெரியும் என்பதும், கணினி எழுத்துகளுக்கான உலகத் தரத்தை வகுக்கும் யூனிகோட் அமைப்பு வெளியிடும், குழப்பம் தரும் எழுத்துகளின் பட்டியலில் இரண்டும் இருப்பதும் பெயர் விற்கும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல.

இரு முகவரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அனுப்பியதற்கு உங்கள் அரட்டைப் பிரிவு ஊழியர் தந்த பதில்: “ஒரே பெயரை இரண்டு முறை அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்.” அதோடு புகாரையும் மூடிவிட்டார். அவர் கண்ணுக்கே தெரியாத வேறுபாடு என் வாசகருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

உலாவியே எச்சரிக்கும் என்றார் இன்னொருவர். உலாவி முக்கியமாகக் கவனிப்பது வெவ்வேறு மொழி எழுத்துகள் கலப்பதை. இங்கே இரண்டுமே தமிழ். ரஷ்ய மொழிக்கும் பயன்படும் சிரிலிக் எழுத்துகளால் முழுக்க ஆன போலி ஆப்பிள் முகவரி 2017இல் சில உலாவிகளை ஏமாற்றியது இப்படித்தான். இத்தகைய பெயர்களைக் கணினிக்காக ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் மாற்றி எழுதும் பியூனிகோட் வடிவில் இவை இரு வேறு பெயர்கள் என்பதால் உங்கள் பதிவுக் கணினி ஏற்றுக்கொள்கிறது. மனிதர்கள் பியூனிகோட் படிப்பதில்லை.

இதற்கிடையே, ஒத்த தோற்றமுள்ள பெயர்களை நானே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று விற்பனைப் பிரிவு யோசனை சொன்னது. என் பெயரில் ககரமும் வருகிறது. ஒன்றைக் குறிக்கும் தமிழ் எண்ணும் (௧) அதே வடிவம்தான். என் பெயரைக் காக்க இன்னும் எத்தனை பெயர்களை உங்களிடமே வாங்க வேண்டும்? தட்டச்சு கற்றுக்கொள்ள வேண்டுமாம்! என் 5 ஆண்டு உழைப்பு அடியோடு நாசமாகிவிட்டது ஐயா.

தயவுகூர்ந்து அந்தப் பெயரை உடனே முடக்குங்கள். கடவுச்சொல் திருட்டுக்குத் தக்க சான்று கிடைத்தால் பதிவு நிறுவனம் அதைத் தடுக்க நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகானுடனான (ICANN) உங்கள் ஒப்பந்தத்திலேயே 2024 ஏப்ரல் முதல் உள்ளது. திரைப்பிடிப்புகளையும் (ஸ்கிரீன்ஷாட்) இரு பெயர்களின் பியூனிகோட் வடிவங்களையும் மீண்டும் இணைத்துள்ளேன். 3 நாட்களில் பெயர் முடங்காவிட்டால், அந்த ஊழியரின் அரட்டைப் பதிவோடு ஐகானின் ஒப்பந்த இணக்கப் பிரிவுக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
தங்கள் 5 ஆண்டு வாடிக்கையாளர்