தேனுவுக்கு, பள்ளத்தூரிலிருந்து

அன்பு தேனு,

பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை போட்டாய். அப்புறம் பதினோரு நாளாகப் பேச்சில்லை. வேலை இருக்கும். உன் பதவி உயர்வை முகப்புக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பச்சி சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமைதான். காலையில் வெறும் வயிற்றோடு ஆபீஸ் போகாதே.

ஆடிக்கு வந்தபோது உனக்காகத்தான் கும்மாயம் கிண்டினேன். உளுந்து, பாசிப்பருப்பு வறுத்தது, கருப்பட்டி, நெய் எல்லாம் அப்பத்தா கணக்குப்படி. சின்னதில் சட்டியை வழித்துத் தின்பாய். இந்தத் தடவை போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, 'இருநூறு கலோரி ஆத்தா' என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தாய். தலை சீவக் கையைத் தூக்கினாய், வளையல் முழங்கை வரைக்கும் இறங்கியது. சீப்பில் கொத்தாக முடி.

அந்தப் போனில் வருகிற பெண்களை நானும் பார்த்தேன். காலையில் பச்சையாக ஒரு சாறு, ராத்திரிக்கு வெள்ளரிக்காய். படத்தில் இடுப்பைச் சுருக்கிக் காட்டவே செயலி இருக்கிறதாமே, அதைப் பார்த்தா நீ பட்டினி கிடக்கிறாய்? டாக்டருக்குப் படிக்கிற உன் சித்தப்பா மகள் சொன்னாள். பிஜித் தீவில் நம் ஊர் மாதிரியே 'நன்றாகச் சாப்பிடு' என்பதுதான் உபசாரமாம், புஷ்டியான உடம்புக்குத்தான் மதிப்பாம். அங்கே ஒரு பகுதிக்கு 1995இல்தான் டிவி வந்தது. அப்போது பள்ளிக்கூடப் பெண்களைக் கேட்டதில், உடம்பு இளைக்கச் சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறவள் ஒருத்திகூட இல்லை. 1998இல் கேட்டால் நூற்றுக்குப் 11 பேர்.

நீ இருந்த நாலு நாளும் சாப்பிட்ட கையோடு பின்கட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

போனைத் திட்டிக்கொண்டே போகிறேன். ஆனால் பீரோவைத் திறந்தால் எனக்குக் கை ஓடவில்லை. உள்கதவில் அந்தக் கோந்துத் தடம் இன்னும் போகவில்லை. நீ பத்தாவது படிக்கும்போது வார இதழில் வந்த 'பத்தே நாளில் எடை குறைய' பக்கத்தைக் கத்தரித்து ஒட்டியவள் நான். மேலே ஒரு நடிகை படம். மேல வீட்டுக் கல்யாணத்தில் ஆச்சிமார் நடுவே, 'இவளுக்கு இரண்டு போதும்' என்று உன் இலையிலிருந்து மூன்றாவது பணியாரத்தை எடுத்தவளும் நான்தான். ஒன்றும் பேசாமல் இலையை மூடினாய். மூன்று கிலோ இறங்கினாய் என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தேன். அப்புறம் இரண்டு மாதம் நீ வீட்டுக்கு விலக்காகவில்லை. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, வைத்தியரிடம்கூட. உன் கையில் போன் வருவதற்கு முன்னாலேயே இதை உனக்குப் பழக்கியவள் நான், தேனு.

இப்போது ஒழுங்காக ஆகிறதா? ரத்தம் ஒரு தடவை பார்த்துவிடு. ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது. சீட்டை அப்பச்சிக்கு வேண்டாம், எனக்கு அனுப்பு.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். பலகாரம் எதுவும் கட்டிக்கொண்டு வரவில்லை. நீ சாப்பிடுவதையே சாப்பிடுகிறேன், சாப்பிட்டு முடித்ததும் உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் வெறும் வயிற்றோடு போகாதே.

ஆத்தா